பாண்ட் அழலாமா?

“ஜேம்ஸ் பாண்டாக ஆறு பேர் நடித்திருக்கிறார்கள். அவர்களில் யார் சிறந்தவர்? இதுவரை ஒரு படமும் பார்க்காத நான் எதிலிருந்து தொடங்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளி நாள்களிலிருந்து இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருபவன் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கதை முடிவுகளைத் தொடாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. சில படங்களின் கடைசிக் காட்சி இங்கே வெளிப்பட்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. 1962 முதல் 2021 வரை ஈயான் நிறுவனம் எடுத்த படங்கள் 25. ஷான் கானரி ஆறு, ஜார்ஜ் லாசன்பி ஒன்று, ரோஜர் மூர் ஏழு, டிமோதி டால்டன் இரண்டு, பியர்ஸ் பிராஸ்னன் நான்கு, டேனியல் கிரெய்க் ஐந்து. 1983-ல் கானரி நடித்த ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ வேறு தயாரிப்பாளர்கள் எடுத்தது, இந்தக் கணக்கில் வராது.

வழக்கமாக இந்த ஆறு பேரையும் கோட்டு சூட்டு, கார், சண்டை, பெண்களை மயக்கும் சிரிப்பு என்று பிரித்து மார்க் போடுவார்கள். எனக்கு அதில் ஈடுபாடு குறைந்து ரொம்ப நாளாகிறது. பாண்டின் வேலை ஆளைக் கொல்வது. அவன் பக்கத்தில் வருபவர்களும் அடிக்கடி செத்துப்போகிறார்கள். அப்படி ஒரு சாவுக்குப் பிறகு அந்த முகத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். அதனால் முதல் படத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து தொடங்குகிறேன்.

1969. ‘ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்’. படத்தின் கடைசி நிமிடங்கள். பாண்டுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது. காரெல்லாம் பூ. மலையோரச் சாலையில் வண்டியை ஓரங்கட்டி, பூக்களை எடுத்துப் போட இறங்குகிறான். இன்னொரு கார் வேகமாகக் கடக்கிறது, சரமாரியாகத் துப்பாக்கிச் சத்தம். “ப்ளோஃபெல்ட்!” என்று தன் எதிரியின் பெயரைக் கத்திக்கொண்டே துரத்துவதற்காகக் காருக்குள் பாய்கிறான். பக்கத்து இருக்கையில் மனைவி ட்ரேசி. முன் கண்ணாடியில் ஓட்டை, அவள் நெற்றியில் குண்டு. ஒரு மோட்டார் சைக்கிள் போலீஸ்காரர் வந்து நிற்கிறார். அவளை மடியில் சாய்த்துக்கொண்டு பாண்ட் சொல்கிறான்: ஒன்றுமில்லை, அவள் கொஞ்சம் ஓய்வெடுக்கிறாள், சீக்கிரம் கிளம்பிவிடுவோம், அவசரமே இல்லை, எங்களுக்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது. அப்புறம் அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். கேமரா அந்த உடைந்த கண்ணாடியில் வந்து நிற்கிறது. படம் முடிந்தது.

இதில் நடித்த லாசன்பி நடிகரே இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விளம்பர மாடல். படத்தின் நடுவே அவர் வேறொருவராக வேஷம் போட்டு நடமாடும் பகுதியில் ஜார்ஜ் பேக்கர் என்ற நடிகரின் குரலைத்தான் டப்பிங் செய்திருக்கிறார்கள். சில காட்சிகளில் கை கால்களை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார். ஆனாலும் அந்தக் கடைசிக் காட்சியில் அவருடைய பழக்கமின்மையே அவருக்குத் துணை நிற்கிறது. தேர்ந்த நடிகர் அந்த வசனத்தை அழகாக மெருகேற்றியிருப்பார். இவரோ என்ன சொல்கிறோம் என்றே தெரியாதவர்போலச் சொல்கிறார், அதிர்ச்சியில் இருப்பவர்கள் உண்மையில் பேசுவது மாதிரி. முதல் டேக்கில் தான் அழுதுவிட்டதாகவும், ஜேம்ஸ் பாண்ட் அழமாட்டான் என்று சொல்லி இயக்குநர் பீட்டர் ஹண்ட் திரும்ப எடுக்கச் சொன்னதாகவும் லாசன்பி பிற்பாடு சொல்லியிருக்கிறார். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ட்ரேசியாக நடித்த டயானா ரிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘பாண்ட் கேர்ள்’ என்று ஒரு வரிசையே வைத்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேரின் பாத்திரப் பெயர்கூட நமக்கு நினைவில் நிற்பதில்லை. டயானா ரிக் அப்படியில்லை. பாண்டைவிட வேகமாகக் கார் ஓட்டுகிறார், அவன் பயந்து ஒளிந்திருக்கும் இடத்தில் வந்து அவனைக் காப்பாற்றிக் கூட்டிப் போகிறார். இப்படி ஒரு பெண் இருந்ததால்தான் அவள் சாவு நம்மைத் தாக்குகிறது.

சரி, இப்போது கானரியிடம் வருவோம். 1962-ல் ‘டாக்டர் நோ’ சுமார் பத்து லட்சம் டாலரில் எடுத்த சின்னப் படம். கானரி எடின்பரோவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து பால் வண்டி தள்ளியவர், உடற்கட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டவர். பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயன் ஃப்ளெமிங்குக்கே முதலில் இவரைப் பிடிக்கவில்லை. இயக்குநர் டெரன்ஸ் யங்தான் தன் தையற்காரரிடம் கூட்டிப்போய் சூட்டு தைத்து, அதைப் போட்டுக்கொண்டே தூங்கிப் பழகச் சொன்னாராம். பலன் திரையில் தெரிகிறது. விலை உயர்ந்த துணிக்குள் தெருச்சண்டைக்காரனின் உடம்பு. படத்தைப் பார்த்த பிறகு ஃப்ளெமிங் மனம் மாறி, பிந்தைய நாவலில் பாண்டின் தந்தையை ஸ்காட்லாந்துக்காரராகவே எழுதிவிட்டார்.

கானரியின் ஆறு படங்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் 1963-ல் வந்த ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ பாருங்கள். ரயிலில், சாப்பாட்டு வண்டியில், ராபர்ட் ஷா நடித்த கொலைகாரன் கிராண்ட் தன்னைப் பிரிட்டிஷ் உளவாளி என்று சொல்லிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான். மீனுக்குச் சிவப்பு ஒயின் கேட்கிறான். வளர்ந்த விதம் தெரிந்த வெள்ளைக்காரன் அப்படிக் கேட்கமாட்டான். அந்தத் தப்பை பாண்ட் கவனிக்கிறான், ஆனால் அதன் பொருள் உறைப்பதற்குள் மண்டியிட்ட நிலையில் துப்பாக்கி முனையில் இருக்கிறான். பெட்டிக்குள் வைத்த கண்ணீர்ப்புகை வெடித்ததும் விளக்கு உடைகிறது, நீல வெளிச்சத்தில் ஒரு ஆள் நீளமே உள்ள அறைக்குள் இரண்டு பெரிய உடம்புகள் மோதுகின்றன. பின்னணி இசை கிடையாது. ரயில் ஓடும் சத்தம், மூச்சு, மரம் உடையும் ஓசை, அவ்வளவுதான். முடிந்ததும் கானரி, செத்தவன் சட்டைப்பையிலிருந்து தன் பணத்தை எடுத்துக்கொள்கிறார், டையைச் சரிசெய்கிறார். இந்தப் படத்தைத் தொகுத்தவர் பீட்டர் ஹண்ட். 1969 படத்தின் இயக்குநர் என்று மேலே சொன்னேனே, அவரேதான். பாண்ட் சண்டைக் காட்சிகளின் வேகம் பெரும்பாலும் அவர் கத்தரிக்கோலில் பிறந்தது.

அடுத்த ஆண்டு ‘கோல்டுஃபிங்கர்’. பேசும் வில்லன், பேசாத அடியாள், ஆஸ்டன் மார்ட்டின் டிபி5, ஷெர்லி பேசியின் பாட்டு என்று தொடரின் அச்சு இங்கேதான் வார்க்கப்பட்டது. கொண்டாட்டமான படம், மறுக்கவில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், இரண்டாம் பாதி முழுக்க பாண்ட் கைதியாகத்தான் இருக்கிறான். அணுகுண்டைக்கூட அவன் நிறுத்தவில்லை. திருதிருவென்று விழித்து ஏதோ கம்பியை இழுக்கப் போகும்போது வேறொருவர் கை நீட்டி ஸ்விட்சை அணைக்கிறார், எண் 007-ல் நிற்கிறது. கானரியின் மிடுக்கு அதை நமக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு வந்த படங்களில் செட்டு பெரிதாக ஆக ஆக அவர் ஆர்வம் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்தில் கென் ஆடம் கட்டிய எரிமலைச் செட்டு மறக்க முடியாதது. அதற்குள் நடந்துபோகும் கானரி எனக்கு நினைவிலேயே இல்லை.

இப்போது வருத்தமான விஷயம். லாசன்பி ஒரே படத்தோடு விலகிவிட்டதால் 1971-ல் 12.5 லட்சம் டாலர் சம்பளம் கொடுத்துக் கானரியைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். ‘டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’. போன படத்தில் மனைவியைக் கொன்றவனைத் தேடி பாண்ட் ஊர் ஊராக அலைவதுபோலப் படம் தொடங்குகிறது, ஆனால் ட்ரேசி என்ற பெயர் ஒரு தடவைகூட வருவதில்லை. துக்கம் எதையும் கானரி முகத்தில் காட்டவில்லை, படமும் கேட்கவில்லை. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மனசு கேட்காது. இந்தத் தொடர் தவறவிட்ட பெரிய வாய்ப்பு அது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ரோஜர் மூரைக் கிண்டல் செய்பவர்கள் நிறைய. புருவத்தை மட்டும் தூக்குவார், வயசாகியும் விடவில்லை என்பார்கள். முதல் படமான ‘லிவ் அண்ட் லெட் டை’ வந்த 1973-ல் அவருக்கு 45 வயது, 1985-ல் ‘எ வியூ டு எ கில்’ வந்தபோது 57. கடைசிப் படத்தை என்னால் காப்பாற்ற முடியாது. விண்வெளிக்குப் போன ‘மூன்ரேக்க’ரையும் விட்டுவிடுங்கள். ஆனால் மூரிடம் ஒன்று இருந்தது. எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பவர் திடீரென்று சிரிப்பை நிறுத்தினால் அறையே குளிர்ந்துவிடும்.

1977-ல் வந்த ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’யில் கெய்ரோ கேளிக்கை விடுதிக் காட்சி. சோவியத் உளவாளி ஆன்யா, பாண்டின் வாழ்க்கைக் குறிப்பை மனப்பாடமாக ஒப்பிக்கிறாள்: கடற்படையிலிருந்து வந்தவர், பெண் தோழிகள் ஏராளம், ஒரே ஒரு முறை திருமணம், மனைவி கொல்லப்பட்டார்... அந்த இடத்தில் மூர் குறுக்கே வெட்டுகிறார். போதும், புரிந்தது என்கிறார். சில விஷயங்களில் நீங்கள் ரொம்ப மென்மையானவரோ என்று அவள் கேட்க, சில விஷயங்களில் ஆமாம் என்று எழுந்து போகிறார். பத்து நொடிதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு நடிகர் மடியில் செத்தவளின் துக்கத்தை மூர் தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறார். அதே படத்தில் பின்னால் தன் காதலனைக் கொன்றவன் பாண்ட்தான் என்று ஆன்யாவுக்குத் தெரிகிறபோது, அவனா நானா என்ற நிலை அது என்று சொல்லிவிட்டு, ஆமாம், நான்தான் கொன்றேன் என்று நேராக ஒத்துக்கொள்கிறார். மூருக்கு நடிக்கத் தெரியாது என்பவர்களிடம் இந்த இரண்டு காட்சிகளைத்தான் போட்டுக் காட்டுவேன்.

1981-ல் ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ ட்ரேசியின் கல்லறையில் தொடங்குகிறது. மூர் பூங்கொத்தோடு வந்து நிற்கிறார். கல்லில் 1943–1969 என்றும், எங்களுக்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது என்ற அந்த வரியும் செதுக்கியிருக்கிறது. இதே படத்தில், பாறை விளிம்பில் தொங்கும் காரில் கொலைகாரன் லாக் மாட்டிக்கொண்டிருக்க, மூர் அந்தக் காரை உதைத்துத் தள்ளுவார். தன் பாண்ட் இப்படிச் செய்வானா என்று மூர் தயங்கினாராம், இயக்குநர் ஜான் க்ளென் விடவில்லை. தயங்கியதும் சரி, செய்ததும் சரி.

‘ஆக்டோபஸ்ஸி’யைப் பற்றி ஒரு வார்த்தை. 1983-ல் வந்த, உதய்ப்பூரில் எடுத்த படம். நம் சென்னைக்காரரான டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், விஜய் என்ற பெயரிலேயே பாண்டின் உள்ளூர்க் கூட்டாளியாக வருகிறார். மகுடியில் பாண்ட் இசையை ஊதித் தன்னை அடையாளம் காட்டுகிறார், ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் அடிக்கிறார். ஆணிப் படுக்கை, தீ நடை என்று இந்தியாவைப் பொருட்காட்சியாக ஆக்கியிருப்பது எனக்குப் பிடிக்காதது. ஆனால் படத்தின் முடிவை ஒட்டி ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் மூர் கோமாளி வேஷத்தோடு, குண்டு இருக்கிறது, நம்புங்கள் என்று கெஞ்சுவார். முதலில் யாரும் நம்பமாட்டார்கள். சாயம் பூசிய முகத்துக்குள் கலங்கிய கண்கள். அந்தக் காட்சி அபாரம்.

அப்புறம் டால்டன். என்னிடம் யார் சிறந்தவர் என்று ஒற்றைப் பெயர் கேட்டால் இவரைத்தான் சொல்வேன். மேடை நடிகர். பாத்திரத்தைப் பிடிக்க ஃப்ளெமிங்கின் புத்தகங்களுக்குத் திரும்பிப் போனவர். 1987-ல் ‘தி லிவிங் டேலைட்ஸ்’. தொடக்கத்தில் பிராட்டிஸ்லாவாவில் எதிரியின் ஸ்னைப்பரைச் சுட்டுக் கொல்ல வேண்டும். குறிபார்க்கும்போது அது செல்லோ வாசிக்கும் ஒரு பெண், துப்பாக்கியே பழக்கமில்லாதவள் என்று தெரிகிறது. வேண்டுமென்றே அவள் துப்பாக்கியைச் சுடுகிறான். கூட இருந்த சக உளவாளி சாண்டர்ஸ், மேலிடத்தில் சொல்லிவிடுவேன் என்று கத்துகிறார். தொழில்முறைக் கொலைகாரர்களை மட்டும்தான் கொல்வேன், வேலையிலிருந்து நீக்கினால் நன்றி சொல்வேன் என்கிறான் பாண்ட். வேலையில் சலித்துப்போன, மனசாட்சி இன்னும் சாகாத ஆள். இருபத்தைந்து ஆண்டுகளில் முதல் தடவையாக அப்படி ஒரு பாண்ட்.

பிறகு வியன்னாவின் ப்ராட்டர் பூங்கா. அதே சாண்டர்ஸ் சிரமப்பட்டுத் தகவல் தேடிக் கொடுக்கிறார், பாண்ட் மனதார நன்றி சொல்கிறான். அடுத்த நிமிடம் கண்ணாடிக் கதவில் நசுங்கி அவர் சாகிறார். உருண்டு வரும் பலூனில் ரஷ்ய மொழியில் ‘ஒற்றர்களுக்குச் சாவு’ என்று எழுதியிருக்கிறது. டால்டன் அதைப் பிடித்து நசுக்கி வெடிக்கச் செய்கிறார். முகத்தில் அடக்கிய கோபம். பலூன் தெரிந்த திசையில் துப்பாக்கியோடு பாய்ந்தால் அங்கே நிற்பது ஒரு தாயும் குழந்தையும். சட்டென்று துப்பாக்கியை மறைக்கிறார். நண்பன்கூட இல்லாத ஒரு சக ஊழியரின் சாவுக்கு இவ்வளவு எடை கொடுத்த பாண்ட் அதற்கு முன் கிடையாது.

1989-ல் ‘லைசென்ஸ் டு கில்’ இன்னும் இருண்டது. நண்பன் லைட்டரின் கல்யாணத்தன்று மணப்பெண் பாண்டைப் பார்த்து, அடுத்தது நீங்கள்தான் என்று விளையாட்டாகச் சொல்கிறாள், டால்டன் முகம் மாறி விலகிப் போகிறார். அவனுக்கும் ஒருமுறை கல்யாணம் ஆனது, ரொம்ப நாளாயிற்று என்கிறான் லைட்டர். இருபது வருஷத்துக்கு முந்தைய ட்ரேசி மறுபடி வந்துவிட்டாள். அந்தப் படம் அமெரிக்காவில் சரியாக ஓடவில்லை. பிறகு நிறுவனங்களுக்கு இடையே வழக்கு, ஆறு ஆண்டுகள் படமே இல்லை. 1994-ல் டால்டன் விலகினார். மூன்றாவது படம் கிடைத்திருந்தால் இன்று பேச்சே வேறாக இருந்திருக்கும்.

பிராஸ்னனைச் சுருக்கமாக முடிக்கிறேன். 1995-ல் ‘கோல்டன் ஐ’ இல்லாவிட்டால் தொடரே நின்றிருக்கலாம், அதற்கு அவருக்கு நன்றி. பார்க்க எல்லாம் பொருத்தம், ஆனால் கதைகள் அவருக்குத் துரோகம் செய்தன. ‘டை அனதர் டே’யில் கண்ணுக்குத் தெரியாத காரும் கணினியில் வரைந்த அலைச்சறுக்கும் வந்து நிற்கின்றன. அவரால் என்ன முடியும் என்பதற்கு 1999-ன் ‘தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்’ சாட்சி. தன்னை ஏமாற்றிய காதலி எலெக்ட்ராவை நேருக்கு நேர் சுட்டுக் கொன்றுவிட்டு, குனிந்து அவள் முகத்தருகே ஒரு கணம் நிற்கிறார். இன்னும் பத்து நொடி இருந்திருக்கலாம் என்று தோன்றும், அதற்குள் அடுத்த ஓட்டம் தொடங்கிவிடும்.

கிரெய்க்கை அறிவித்தபோது தலைமுடி பொன்னிறம் என்பதற்கே எதிர்ப்பு. 2006-ல் ‘கேசினோ ராயல்’ வந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. இயக்குநர் மார்ட்டின் கேம்ப்பெல், ‘கோல்டன் ஐ’யை எடுத்தவர். ஃப்ளெமிங்கின் முதல் நாவல், 1953-ல் வெளியானது. எல்லோரும் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள், நான் சொல்ல விரும்புவது மாடிப்படிச் சண்டைக்குப் பிறகு வருவது. பாண்ட் காதலிக்கப்போகும் வெஸ்பர் என்ற பெண்ணின் கண்ணெதிரே அவன் இரண்டு பேரைக் கொன்றிருக்கிறான். அவன் மட்டும் ரத்தத்தைக் கழுவி, சட்டை மாற்றி, ஒன்றும் நடக்காததுபோல ஆட்டத்துக்குத் திரும்புகிறான். ராத்திரி அறைக்கு வந்தால், அவள் உடுத்திய உடையோடு ஷவருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ரத்தம் போகவே மாட்டேன் என்கிறது என்கிறாள். அவனும் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்து, வெந்நீரைக் கூட்டிவிடுகிறான். உள்ளாடையோடு எடுக்க இருந்த காட்சி அது, அந்த நிலையில் இருப்பவள் உடையைக் கழற்ற நினைக்கமாட்டாள் என்று கிரெய்க்தான் வாதாடி மாற்றினார். பாண்ட் படத்தில் கொலையின் பாரத்தை இன்னொருவர் கண்ணால் முதன்முதலாக நான் பார்த்தது அங்கேதான்.

அவருடைய ஐந்தும் ஒரே தரமில்லை. ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ அவசரம், ‘ஸ்பெக்ட’ரில் எல்லா வில்லன்களையும் ஒரே முடிச்சில் கட்டியது வீண் வேலை. ஆனால் சாம் மெண்டிஸ் இயக்கி 2012-ல் வந்த ‘ஸ்கைஃபால்’ ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவுக்கே பார்க்க வேண்டியது. ஷாங்காய் கட்டிடத்தில் நீல விளம்பர வெளிச்சத்துக்கு முன்னால் இரண்டு நிழலுருவங்களாக மட்டும் நடக்கும் சண்டை ஒன்று போதும். முடிவில் ஸ்காட்லாந்தின் சின்னத் தேவாலயத்தில் ஜூடி டென்ச் நடித்த எம் என்ற மேலதிகாரி, பாண்டின் கையில் உயிர் விடுகிறார். கிரெய்க் அழுகிறார். மறைக்கவில்லை, கேமராவும் விலகவில்லை. 1969-ல் லாசன்பியின் கண்ணீரை வெட்டிப் போட்டார்களே, அது 43 ஆண்டுகள் கழித்து வெளியே வந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

இனி வரப்போகிறவரைப் பற்றி இப்போதைக்கு ஊகிக்க வேண்டாம். 2025-ல் படைப்பு உரிமை அமேசான் எம்ஜிஎம் கைக்குப் போனது, அடுத்த படத்தை டெனி வில்நெவ் இயக்குவார் என்று அறிவித்திருக்கிறார்கள்.

ஆக, எதிலிருந்து தொடங்குவது? வந்த வரிசையில் 25-ஐயும் பார்க்கக் கிளம்பாதீர்கள், பாதியில் அலுத்துவிடும். முதலில் ‘கேசினோ ராயல்’. பிடித்திருந்தால் ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’, அப்புறம் ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’, அதற்கடுத்து ‘தி லிவிங் டேலைட்ஸ்’. 2021-ல் வந்த ‘நோ டைம் டு டை’க்குப் போகும் முன் மட்டும் 1969 படத்தைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். அதில் பாண்டும் ட்ரேசியும் காதலில் விழும் இடத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடும் பாட்டு ஒன்று வரும், எங்களுக்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது என்று. ஜான் பேரி இசை. ஆம்ஸ்ட்ராங் அப்போது உடல் நலிந்திருந்தார், இரண்டு ஆண்டில் இறந்தும் போனார். 2021 படத்தில் பாண்ட் உயிரோடு திரும்பவில்லை. திரை இருண்டு எழுத்துகள் ஓடத் தொடங்கும்போது அதே குரல் அதே பாட்டைப் பாடும். அப்போது எழுந்து போய்விடாதீர்கள், கடைசி வரை உட்கார்ந்து கேளுங்கள்.